பதினஞ்சாம் வருஷத்துக்கு நாலு புது நாடகம்: ரோசியை மேடையேத்தலாமா?

கொல்லாமரம் | ஞாயிறு, மாலை 4:10

எல்லாருக்கும் வணக்கம். இங்க நான் வாசிக்கத்தான் வருவேன், எழுதினது குறைவு. இப்ப ஒரு யோசனை வேணும்.

மார்த்தாண்டம் பக்கத்துல பெண்கள் மட்டும் நடிக்கிற சின்ன நாடகக் குழு எங்களுது. பேரை இங்க போடல்ல, போட்டா பாதிப் பேருக்கு வீட்டுல பதில் சொல்லி முடியாது. வர்ற தை மாசம் பதினஞ்சு வருஷம் ஆகுது. ஏழு பேரு சேர்ந்து ஆரம்பிச்சோம், இப்ப பதினொரு பேரு. ஆரம்பிச்ச ஏழு பேருல நானும் இன்னொருத்தியும்தான் மிச்சம். மத்தவங்க கல்யாணம், கல்ஃப், முட்டுவலி, மாமியார்னு ஒவ்வொரு வழியா போயாச்சு.

ஆண்டுவிழான்னா பழைய நாடகத்துல நல்லதா நாலை எடுத்துத் தூசி தட்டிப் போடுறதுதான் வழக்கம். ஆனா எங்க பழைய நாடகம் எல்லாம் யாரோ ஒரு அமைப்பு காசு கொடுத்து, "குடிப்பழக்கம் பத்தி 20 நிமிஷம்", "பெண்சிசு பத்தி அரை மணிக்கூர்"னு கேட்டு வாங்கினது. கடைசியில ஒரு கலெக்டர் ஆபீஸ் ஃபோன் நம்பர் சொல்லி முடியும். அதை மறுபடியும் போட எனக்கு மனசு வரல்ல. அதனால தை, மாசி ரெண்டு மாசத்துல நாலு சனிக்கிழமை, வாரத்துக்கு ஒண்ணா நாலு புது நாடகம்னு வாய விட்டுட்டேன்.

மனசுல உள்ளது இது. அண்டி ஆபீஸ், அதான் முந்திரிப் பருப்பு ஃபேக்டரி, பத்தி ஒண்ணு. ஒக்கிப் புயல் பத்தி ஒண்ணு. ஔவையார் பத்தி ஒண்ணு. நாலாவது, பி.கே. ரோசி. மலையாளத்தின் முதல் நாயகி, படம் போட்ட அன்னைக்குக் கல்லெறி வாங்கி, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கு ஓடி வந்து நாகர்கோவில்ல கடைசி வரைக்கும் இருந்த அம்மா. இதுலதான் குழுவுக்குள்ள பெரிய அடி. பாதிப் பேர் போடணும்ங்கிறா, பாதிப் பேர் கூடாதுங்கிறா.

நீங்க என்ன நினைக்கிறிய?

---

வடசேரி_வாத்தியார் | ஞாயிறு, மாலை 5:02

நல்ல காரியம் மக்ளே. நாலுமே நம்ம மண்ணுல முளைச்சது.

ஔவையைப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம ஊர்ப்பக்கம் ஔவைன்னு சொன்னா எங்க தலைமுறைக்கு டி.கே. சண்முகம்தான். 1940-களில் ஆம்பளை ஒருத்தர் பாட்டியா வேஷம் கட்டி, அந்தப் பாட்டிக்க பேரே அவருக்கு ஒட்டிக்கிட்டு 'அவ்வை சண்முகம்' ஆனார். அந்த டி.கே.எஸ். கம்பெனியிலதான் எங்க ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணனும் வளர்ந்தது. சினிமாவுல 1953-ல கே.பி. சுந்தராம்பாள் வந்தாங்க. ஆம்பளை போட்டாலும் பொம்பளை போட்டாலும் ஔவை கிழவிதான். அப்புறம் 1990-களின் கடைசியில இன்குலாப் எழுதி அ. மங்கை மேடையேத்தின ஔவை வந்துது. சின்ன வயசுப் பாண்மகள், கள்ளும் யாழுமா அதியமானுக்க கூட்டாளி. அதைப் பார்த்துட்டு வந்து ஒரு வாரம் எனக்கு உறக்கம் இல்ல. அதுக்கப்புறம் நீங்க ஔவையை எடுத்தா என்ன புதுசா சொல்லப் போறிய? அதை முதல்ல யோசிக்கணும்.

---

சும்மா_ஒருத்தன் | ஞாயிறு, இரவு 7:45

தப்பா எடுக்காதீங்க. பொம்பளைங்க மட்டும் நடிக்கிற நாடகத்துல ஆம்பளை வேஷத்துக்கு என்ன செய்வீங்க? கரிக்கட்டையில மீசை வரையுறதா? சிரிப்புதான் வரும். எவன் டிக்கெட் எடுத்து வருவான்?

---

பாலக்காட்டுப்_பொண்ணு | ஞாயிறு, இரவு 8:20

> கரிக்கட்டையில மீசை வரையுறதா?

ஆமா அண்ணா, வரையுறதுதான். ஆம்பளைங்க முன்னூறு வருஷம் மூங்கில் பட்டையும் துணியும் வச்சு மார்பு கட்டி ஆடினப்போ யாரும் சிரிக்கலையே.

எங்க ஊர் ஒத்தப்பாலம் பக்கம். பக்கத்துல லக்கிடியில அந்தர்ஜனங்களுக்கு ஒரு தொழில்கேந்திரம் இருந்துச்சு. இல்லத்தை விட்டு வெளியே வந்த நம்பூதிரிப் பெண்கள் நெசவு, தையல்னு வேலை பார்த்த இடம். 1948-ல அவங்களே கூடி உட்கார்ந்து ஒரு நாடகம் எழுதினாங்க, பேரு 'தொழில்கேந்திரத்திலேக்கு'. கைம்பெண், கிழவனுக்குக் கட்டிக் கொடுத்த பொண்ணு, வீட்டை விட்டு இறங்கினவ, எல்லாம் அவங்க சொந்தக் கதை. அதுல காரணவர், அதாவது குடும்பத் தலைவர், வேஷம் உட்பட எல்லாம் பெண்களேதான் கட்டினாங்க. முகத்தை மறைக்கிற ஓலைக்குடை இல்லாம வெளியே இறங்காத வீட்டுப் பெண்கள் மேடையில குடுமி வச்சு நின்னிருக்காங்க. சிரிப்பு வந்திருக்கும், சந்தேகம் இல்ல. தன் அப்பனை மாதிரி, அண்ணனை மாதிரி ஒரு பொண்ணு மேடையில நடந்து காட்டினா சபையில இருக்கிற பெண்கள் எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு நீங்களும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

1929-ல வி.டி. பட்டதிரிப்பாடு எழுதின 'அடுக்களையில் நின்னு அரங்கத்தேக்கு' எல்லாருக்கும் தெரியும். அது ஆண் எழுதி ஆண் நடிச்சது. பெண்களே எழுதி நடிச்சது பத்தொம்பது வருஷம் கழிச்சு வந்துது, அதைத் தெரிஞ்சவங்க கம்மி.

---

வடசேரி_வாத்தியார் | ஞாயிறு, இரவு 9:11

தம்பி கேட்டதுக்கு நானும் ஒண்ணு சேர்க்கேன். கும்பகோணம் பாலாமணி அம்மாள்னு ஒருத்தி. கம்பெனி முழுக்கப் பெண்கள். ராஜபார்ட்டும் பெண்தான். டிக்கெட் எடுக்க எவன் வருவான்னு கேட்டீரே, வெளியூர்ல இருந்து ஜனம் ரயில் பிடிச்சு வந்து பார்த்துது.

---

சும்மா_ஒருத்தன் | ஞாயிறு, இரவு 9:30

சரி சரி, வாத்தியாரே. வாபஸ். ஆனா டிக்கெட் எவ்வளவுன்னு யாராவது சொல்லுங்க.

---

கடியபட்டணம்_மகள் | திங்கள், காலை 6:40

ஒக்கி பத்தி எழுதப் போறதா சொன்னீங்க அக்கா. எங்க பெரியப்பா போன போட் திரும்பி வரல்ல. அதனால ஒண்ணு சொல்லட்டா.

அழுற சீன் வைக்காதீங்க. 2017 நவம்பர் 30-க்கு அப்புறம் எங்க கரையில டிவிக்காரங்க எல்லாரும் வந்து அழுறதைத்தான் படம் பிடிச்சாங்க. ஒரு மைக்கை நீட்டி, "எப்படி இருக்கு?"ன்னு கேப்பாங்க. அதை நாங்க பார்த்துட்டோம்.

எங்க பெரியம்மா செஞ்சது இதுதான். பெரியப்பாவுக்க ஃபோன் நம்பருக்கு மாசாமாசம் ரீசார்ஜ் போடும். ஃபோன் கடலுக்க அடியில. நம்பர் வேற யாருக்கும் போயிரக் கூடாதுன்னு. கடைக்காரப் பையன் ஒண்ணும் கேக்க மாட்டான், அதே தொகையை அடிச்சு விடுவான். அப்புறம் உடம்பு கிடைக்காம மரணச் சான்று இல்ல, சான்று இல்லாம ஒண்ணும் இல்ல. ஆளைக் காணலன்னா ஏழு வருஷம் பொறுக்கணும்னு சட்டம். அரசாங்கம் அதுக்கு முன்னாலயே பணம் கொடுக்க வழி பண்ணிச்சு, அது வேற விஷயம். ஆனா பணத்தை வாங்கினா ஆளு செத்தாச்சுன்னு நாமளே கையெழுத்துப் போட்ட மாதிரின்னு பெரியம்மா நாலு நாள் சோறு உண்ணல்ல. பொட்டு வைக்கணுமா வேண்டாமான்னு அதுக்கே தெரியல்ல. கோயிலுக்குப் போனா ஜீவிச்சிருக்கவங்களுக்கு மெழுகுதிரி ஏத்தணுமா, மரிச்சவங்களுக்கு ஏத்தணுமா?

நாடகம் போட்டா அந்த மெழுகுதிரியைப் போடுங்க. இல்லன்னா குழித்துறை ஸ்டேஷனைப் போடுங்க. அந்த டிசம்பர்ல தண்டவாளத்துல ஆயிரக்கணக்குல ஜனம் இருந்துது, எங்க கரைப் பெண்கள் செபமாலை சொல்லிக்கிட்டு. ரயில் வரல்ல. அன்னைக்குத்தான் நாங்கன்னு ஒரு கூட்டம் இருக்கிறது டவுணுக்குத் தெரிஞ்சுது.

---

கொல்லாமரம் | திங்கள், காலை 7:05

மோளே, ரீசார்ஜ் விஷயத்தை நாங்க எடுத்துக்கிடலாமா? பெரியம்மாகிட்ட கேட்டுச் சொல்லு. வேண்டாம்னு சொன்னா வேண்டாம்.

---

கடியபட்டணம்_மகள் | திங்கள், இரவு 8:15

கேட்டேன். "கடைக்காரப் பையனை நல்லவனா காட்டச் சொல்லு"ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான்.

---

தாழக்குடி | திங்கள், இரவு 9:00

ஔவையில புதுசா என்ன இருக்குன்னு வாத்தியார் கேட்டாங்க. எங்க ஊர்ப்பக்கம் ஔவையாரம்மன் கோயில் இருக்கு. ஆடிச் செவ்வாய்க்குப் பெண்கள் குடும்பத்தோட போய் அங்கேயே அடுப்பு மூட்டிக் கூழும் கொழுக்கட்டையும் வைப்போம். வீட்டுக்குள்ள வைக்கிற ஔவை நோன்பு இன்னும் ரகசியம். ராத்திரி ஆம்பளை எல்லாம் உறங்கினப்புறம் பச்சரிசி இடிச்சு, உப்பு இல்லாம கொழுக்கட்டை பிடிப்போம். ஆம்பளைப் பிள்ளை பார்க்கக் கூடாது, திங்கக் கூடாது, கைக்குழந்தையா இருந்தாலும் வெளியேதான். கதை சொல்றதும் ஒரு பெண்தான். விடியுமுன்ன மிச்சம் மீதி இல்லாம தின்னுரணும்.

எங்க அம்மை அந்த ராத்திரியில பேசின மாதிரி வேற எப்பவும் பேசிக் கேட்டது இல்ல. அப்பாவை எப்படிப் போலி பண்ணுவாங்க தெரியுமா? செருப்பு சத்தத்தோட. எனக்கு நாடகம்னா அதுதான். ஔவை மேடைக்கு வரணும்னே இல்ல. அஞ்சு பெண்கள் மாவு பிடிச்சுக்கிட்டு இருந்தா போதும்.

ஆனா ஒரு சங்கடம். ஆம்பளை பார்க்கக் கூடாததை டிக்கெட் போட்டுக் காட்டலாமா? எங்க மயினி இதை வாசிச்சா என்னை வீட்டுக்குள்ள ஏத்த மாட்டா.

---

கொல்லாமரம் | திங்கள், இரவு 10:30

அப்ப அந்த ஒரு சனிக்கிழமை பெண்களுக்கு மட்டும். தீர்ந்துது. சும்மா_ஒருத்தன் அன்னைக்கு வெளியே இருந்து செருப்புக்குக் காவல்.

அண்டி ஆபீஸ் நாடகம் பாதி ஆச்சு, அதைச் சொல்லிட்டு ரோசிக்கு வாறேன். எங்க குழுவுல ஒருத்தி பத்தொம்பது வருஷம் அண்டி தல்லினவ. வறுத்த அண்டியை ஒரு கையால கல்லுல நிறுத்தி மறு கையால கட்டையால அடிக்கணும், தோடு ரெண்டா விரியணும், பருப்பு முழுசா வரணும். உடைஞ்சா கூலியில பிடிப்பாங்க. தோட்டு எண்ணெய் பட்டா தோல் வெந்துரும், அதனால கையில சாம்பல் பூசிக்கிட்டே தல்லுவாங்க. ஒத்திகையில அவளுக்குக் கட்டையும் கல்லும் கொடுத்து, "சும்மா அடி"ன்னு சொன்னேன். ரெண்டு நிமிஷத்துல மத்த ஆறு பேரும் பேச்சை நிறுத்திட்டாங்க. அவ்வளவு தாளம். மேளக்காரருக்குக் கொடுக்க இருந்த காசு மிச்சம்.

கிரேடிங்குல இருந்த இன்னொருத்தி பருப்பைக் கையில அள்ளினாலே சொல்லிருவா, இது டபிள்யூ 240, இது 320னு. 320ன்னா ஒரு ராத்தலுக்கு 320 பருப்புக்குள்ள நிக்கணும். அவளுக்கு மேடையில வசனமே கிடையாது, எண்ணுறதுதான். தல்லினவளுக்கு விரல்ல ரேகை இல்ல. ரேஷன் கடை மெஷின்ல வச்சா எடுக்காது. "ஒனக்கு ரேகையே இல்லியே, நீ ஆளு தானா?"ன்னு ஒரு தடவை அங்க உள்ள பையன் கேட்டிருக்கான். அந்த ஒரு வரியில இருந்துதான் நாடகம் ஆரம்பிக்குது.

இதை நான் ஸ்கிரிப்டா எழுதி வச்சுட்டு நடின்னு சொல்லியிருந்தா வந்திருக்காது. புது நாடகம் எழுத ஆளு இல்லன்னு பதினஞ்சு வருஷம் சொல்லிட்டு இருந்தேன். ஆளு ஒத்திகையிலேயேதான் இருந்திருக்கு.

---

பாறசாலை_பிரபா | செவ்வாய், மதியம் 1:20

கொல்லாமரம் அக்கா, நான் பாறசாலைக்காரி, வீட்டுல தமிழ், ஸ்கூல்ல மலையாளம். ரோசி நாடகம் வேண்டாம்ங்கிற பாதியில நானும் ஒருத்தி. காரணம் சொல்றேன்.

கதையைப் பாருங்க. திருவனந்தபுரம் நந்தன்கோட்டுல பிறந்த புலயர் வீட்டுப் பொண்ணு. ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்'ல நாயர் பொண்ணா நடிச்சாங்க. தன் படத்தை கேப்பிடல் தியேட்டர்ல உட்கார்ந்து பார்க்கவே அவங்களை விடல்ல. நாயகன் அவங்க தலையில இருந்த பூவை எடுக்கிற இடத்துல திரையில கல்லெறிஞ்சானுவ. குடிசையை எரிச்சானுவ. லாரி ஏறி நாகர்கோவில் போய், அந்த லாரி ஓட்டுநரையே கட்டி, ராஜம்மாளா வாழ்ந்து 1988-ல இறந்தாங்க. படத்துக்கு இன்னைக்கு ஒரு பிரிண்ட் கிடையாது.

கேரளத்துல இது இப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. 2019-ல சினிமாப் பெண்கள் கூட்டமைப்பு அவங்க பேருல ஃபிலிம் சொசைட்டி ஆரம்பிச்சுது. 2023 பிப்ரவரி 10-க்கு கூகுள் முகப்புலேயே அவங்க முகத்தைப் போட்டாங்க. நல்லதுதான். ஆனா ஒவ்வொரு தடவையும் அதே கல்லுதான் எறியப்படுது. மேடையில ஒரு பொண்ணு நடுவுல நிக்கிறா, நாலு பக்கமும் சத்தம், செவப்பு லைட்டு. சபை "அய்யோ பாவம்"னு வீட்டுக்குப் போகும்.

ரெண்டாவது, அந்த அம்மா அரை நூத்தாண்டுக்கு மேல வாயைத் திறக்கல்ல. நான் இன்னாருன்னு அவங்க சொல்லாம மறைச்சதை நாம தோண்டி எடுத்து மைக் வச்சுச் சொல்றது அவங்களுக்குச் செய்ற மரியாதையா?

---

கொல்லாமரம் | செவ்வாய், மாலை 3:50

நீ சொல்றதுல முதல் பாதி ஒத்துக்கிடுதேன். கல்லெறி வேண்டாம். ரெண்டாவது பாதிக்கு என்கிட்ட பதில் இல்ல.

ஆனா ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. அவங்களுக்க திருவனந்தபுரம் வாழ்க்கையை எல்லாரும் சொல்லிட்டாங்க. இங்க வந்ததுக்கு அப்புறம் ஐம்பது சொச்சம் வருஷம் இருக்கே, எல்லை தாண்டி வந்த ஒரு மலையாளத்துக்காரி தமிழ்நாட்டுல எப்படித் தமிழச்சி ஆனா, அதை யாரும் தொடல்ல. அது நம்ம கதை இல்லியா?

---

வடசேரி_வாத்தியார் | செவ்வாய், மாலை 4:15

மக்ளே, ரெண்டு தடவை எழுதிட்ட, அதனால திருத்துதேன். அவங்க எந்த எல்லையும் தாண்டல்ல.

படம் 1928-ஆ 1930-ஆன்னு இரண்டு கட்சி உண்டு. எதுவானாலும் அன்னைக்கு நாகர்கோவில் திருவிதாங்கூர். திருவனந்தபுரமும் திருவிதாங்கூர். அதே ராஜா, அதே போலீஸ், அதே சக்கரக் காசு, அதே அஞ்சல்காரன். எல்லை ஆரல்வாய்மொழிக்கு அங்கே. ஓடினது ஒரே ராஜ்யத்துக்குள்ள, ஒரு பட்டணத்துல இருந்து அறுபத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பட்டணத்துக்கு. தேடி வரணும்னா ஒரு நாள்ல வந்திருக்கலாம். அந்தப் பயத்தோடதான் இங்க இருந்திருக்கணும்.

அப்புறம் 1956 நவம்பர் 1. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் மதராஸ் ராஜ்யத்தோட சேர்ந்துது. தமிழ்நாடுங்கிற பேரு வந்தது 1969-ல, அதையும் சொல்லி வைக்கேன். ஆக, ராஜம்மாள் உறங்கி எழும்பும்போது எல்லை அவங்களைத் தாண்டிக் களியக்காவிளைக்குப் போயிருக்கு. அவங்க இருந்த இடத்திலேயேதான் இருந்தாங்க.

டேனியலுக்கும் இதே கதை. அவருக்கு அகஸ்தீஸ்வரம், 1975-ல மரிச்சதும் அங்கதான். எல்லை மாறினதும் அவர் எந்த ஊர்க்காரர்னு கேள்வி வந்து, கேரளம் கடைசிக் காலத்துல அவருக்கு ஓய்வூதியம்கூடக் கொடுக்கல்ல. அவர் பேருல விருது வந்தது 1992-லதான்.

---

பாலக்காட்டுப்_பொண்ணு | செவ்வாய், மாலை 5:40

அதே நவம்பர் 1-க்கு எங்களை மதராஸ்ல இருந்து எடுத்துக் கேரளத்துல வச்சாங்க. மலபார் ஜில்லாவோட சேர்த்து. எங்க பாட்டி சாகிற வரைக்கும், "நான் எங்கேயும் போகல, எங்க ஊர்தான் போயிடுத்து"ம்பா. இன்னைக்குத்தான் அது சரியா விளங்குது.

---

தீவட்டி | செவ்வாய், இரவு 11:25

ரொம்ப நேரமா வாசிச்சுட்டு இருக்கேன். யாருமே சொல்லாததால எழுதுறேன். ரோசி சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னால காக்காரிச்சி நாடகத்துல நடிச்சவங்க. அதை ஒரு வரியில தள்ளிட்டுப் போறாங்க. எனக்கு அதுதான் முக்கியம்.

எங்க அப்பா நெய்யாற்றங்கரைப் பக்கம் காக்காரிச்சிக்குக் கஞ்சிரா அடிச்சவர். சின்ன வயசுல நான் பாய்ல படுத்துப் பார்த்தது. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், கதை ரொம்பச் சின்னது. சிவனும் பார்வதியும் காக்கானும் காக்காத்தியுமா குறி சொல்லிப் பிழைக்க ஊருக்குள்ள வாறாங்க. காக்கான் கையில தீவட்டி பிடிச்சு சபைக்குப் பின்னால இருந்தே ஆடிக்கிட்டு வருவான். தம்புரான் நிறுத்திக் கேப்பார். நீ ஆரு, எங்கேருந்து வாற, ஒனக்க நாடு எது, கூட வந்தவ ஆரு, எதுக்கு வந்த. காக்கான் ஒரு கேள்விக்கும் நேரா பதில் சொல்ல மாட்டான். கோணலாத் திருப்பி அடிப்பான். சனம் உருண்டு சிரிக்கும். விடியுற வரைக்கும் இந்தக் கேள்வியும் பதிலும்தான், நடுவுல பாட்டு, ஆட்டம்.

பாஷை? பாதி தமிழ், பாதி மலையாளம். எது எங்க முடியுதுன்னு பிரிக்க முடியாது. இப்ப நாம இங்க எழுதுறோமே, அது மாதிரி.

இப்ப நாகர்கோவில்ல ஒரு குழாயடியைப் பாருங்க. புதுசா ஒருத்தி குடி வந்திருக்கா. நாலு பேர் கேப்பாங்க. நீ ஆரு, எங்கேருந்து வாற, ஒனக்க ஆளுவ ஆரு, வீட்டுக்காரர் என்ன ஜோலி. கேக்கிறது தம்புரான் கேட்ட அதே கேள்வி. பதில் சொல்றவ மேடையில அதே கேள்விக்கு எத்தனையோ ராத்திரி கோணல் பதில் சொல்லிப் பழகினவ.

எழுதிக்கிட்டு வரும்போதே எனக்குக் கை விறைக்குது. இவ்வளவுதான்.

---

பாறசாலை_பிரபா | புதன், காலை 6:02

தீவட்டி அண்ணா, நான் தோத்தேன்.

இப்படிப் போட்டா அவங்க மறைச்சது ஒண்ணையும் நாம திறக்க வேண்டியதில்ல. ரோசிங்கிற பேரைக்கூட மேடையில சொல்ல வேண்டாம். மறைக்கிறதையே ஒரு திறமையா காட்டலாம். சபையில தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், தெரியாதவங்களுக்கு ஒரு புது அயல்வாசி.

இன்னொண்ணு. நாலையும் முழு நாடகமா முடிச்சே தீரணும்னு ஓடாதீங்க. கனடாவுல டொராண்டோவில் நைட்வுட்னு 1979-ல இருந்து நடக்கிற பெண்ணிய நாடகக் கம்பெனி. பெண்கள் எழுதுற புது நாடகத்துக்குன்னே அவங்க ஒரு விழா வச்சிருக்காங்க, கிரவுண்ட்ஸ்வெல்னு. அங்க நாடகத்தை வளர்ற பருவத்திலேயே, வேஷம் கட்டாம, தாளைக் கையில வச்சு சபைக்கு முன்னால வாசிச்சுக் காட்டுவாங்க. சபை சொல்றதைக் கேட்டு மாத்துவாங்க. நாலுல ரெண்டை அப்படி வைங்க. வடக்க திருவனந்தபுரத்துல நிரீக்ஷான்னு பெண்கள் நாடகக் குழு 1999-ல இருந்து இருக்கு, எங்க பக்கம் கேரள அரசுக்க பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீக்கு ரங்கஸ்ரீன்னு பெண்கள் நாடகக் குழு உண்டு. கூப்பிட்டா வந்து பார்த்துச் சொல்லுவாங்க. எல்லை நமக்குத்தான், நாடகக்காரங்களுக்குக் கிடையாது.

---

சும்மா_ஒருத்தன் | புதன், காலை 9:15

பெண்கள் மார்பை மறைக்கிற உரிமைக்கு நடந்த தோள்சீலைப் போராட்டத்தை விட்டுட்டீங்களே? அதுதானே குமரி மாவட்டத்துக்கே பெருமை. 2023 மார்ச்ல நாகர்கோவில்ல 200-வது வருஷ விழாவுக்குத் தமிழ்நாடு, கேரளம் ரெண்டு முதல்வர்களும் வந்தாங்க.

---

வடசேரி_வாத்தியார் | புதன், காலை 9:50

அதை எல்லாரும் போடுதான் தம்பி. போடட்டும். ஆனா ஒருத்தனும் திருவிதாங்கூர் ராஜா போட்ட 1859 ஜூலை உத்தரவை முழுசா வாசிக்க மாட்டான். மார்பை மறைச்சுக்கோ, மேல்சாதிப் பெண்களை மாதிரி மட்டும் மறைக்காதேன்னு அதுல ஒரு வால் உண்டு. அந்த வாலுக்குன்னு தனி நாடகம் ஒண்ணு இருக்கு. பதினாறாம் வருஷத்துக்கு வச்சுக்கிடட்டும்.

---

மட்டுறுத்துநர் | புதன், மாலை 6:00

நடுவுல வந்த மூணு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். சாதிப் பேரைச் சொல்லி ஆளை இழுக்கிற வேலை இங்கே வேண்டாம். ரோசி அம்மாவுடைய குடும்பத்தார் யார், எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்கிற பதிவுகளும் வேண்டாம். மற்றபடி இழை திறந்தே இருக்கும்.

---

கொல்லாமரம் | சனி, இரவு 9:40

இன்னைக்கு ஒத்திகை. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சு நாலரைக்கு முடிக்கணும், பிள்ளைய ஸ்கூல் வேன் வந்துரும். சாதாரணமா உட்காருற ஹாலுக்கு வாடகையைக் கூட்டிட்டாங்க, "நாடகம்னா சத்தம் வருமே"ன்னு ஒரு காரணம். அதனால எங்க வீட்டு முற்றத்துல, ரப்பர் ஷீட் காயப்போடுற கயித்துக்குக் கீழ.

தீவட்டி அண்ணன் சொன்னதை வாசிச்சுக் காட்டினேன். அண்டி தல்லினவ, அவளுக்கு எழுத்து பெருசா வாசிக்கத் தெரியாது, சட்டுனு எழும்பிச் சொன்னா: "நான் தம்புராட்டி. நான் கேக்கேன்." ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து அது மேல இருந்துக்கிட்டா. பாறசாலையில இருந்து பிரபா வந்திருந்தா, அவளைத்தான் புதுசா குடி வந்தவளா நிறுத்தினோம். வேண்டாம்னு சொன்னவளே!

"ஒனக்க ஊரு எது?"

"வெயிலு அடிக்குற ஊருதான்."

"ஏட்டி, வடக்கயா தெக்கயா?"

"நீங்க எங்க பார்த்து இருக்கியளோ அதுக்குப் பின்னால."

"ஒனக்க கழுத்துல ஆரு கட்டினது?"

"கையுள்ள ஒரு ஆளு."

நாங்க சிரிச்சு சிரிச்சு ஒருத்தி புரைக்கேறி வெள்ளம் குடிக்கப் போனா. அப்ப தம்புராட்டி, சும்மா வாயில வந்ததுதான், யோசிக்கல்ல, "நீ முன்ன எங்கயோ ஆடிப் பார்த்த மாதிரி இருக்கே"ன்னு கேட்டுட்டா.

பிரபா பதில் சொல்லல்ல. குனிஞ்சு குடத்தை எடுத்து இடுப்புல வச்சா. பக்கவாட்டுல திரும்பி நடந்தா. நடக்கும்போது அவளுக்க வலது கால் மட்டும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தாளத்துக்குத் தட்டிச்சு. அப்புறம் சாதாரணமா நடந்து போயிட்டா. முற்றத்துல ஒரு சத்தமும் இல்ல. எங்க பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துட்டு இருந்திருக்கு, "அவ ஆருடி?"ன்னு அது என்கிட்ட கேட்டுது.

நாலாவது நாடகம் போடுறோம். கேள்வி எல்லாம் தமிழ்ல வரணுமா மலையாளத்துல வரணுமான்னு இனி ஆரும் கேக்கக் கூடாது, வாயில எது வருதோ அதுதான்.

டிக்கெட் முப்பது ரூபா. கொழுக்கட்டை நாடகத்துக்குப் பெண்களுக்கு இலவசம், மாவுக்கு ஆளுக்கு ஒரு பிடி பச்சரிசி கொண்டு வரணும். ஒரு உதவி வேணும்: காக்கான் வர்றதுக்கு உண்மையான தீவட்டி வேணும், எலக்ட்ரிக் வேண்டாம். எப்படிச் சுத்தணும்னு ஆருக்காவது தெரியுமா?

---

தீவட்டி | சனி, இரவு 10:02

பழைய பருத்தி வேட்டியைக் கிழிச்சு இறுக்கிச் சுத்தணும், பாலியெஸ்டர் கலந்தா உருகிச் சொட்டும், கை போயிரும். தேங்காய் எண்ணெய்ல ஒரு ராத்திரி ஊறப் போடணும். ரப்பர் ஷீட் கயித்துக்குக் கீழ மட்டும் கொளுத்திராதீங்க. அடுத்த சனி நானே வாறேன். அப்பாவுக்க கஞ்சிரா இருக்கு, தோல் தொய்ஞ்சு போச்சு, வெயில்ல வச்சா சரியாகும்.

---

வடசேரி_வாத்தியார் | சனி, இரவு 10:20

எனக்கு ரெண்டு டிக்கெட். வீட்டுக்காரிக்குக் கொழுக்கட்டைக்கும் சேர்த்து.

---

சும்மா_ஒருத்தன் | சனி, இரவு 10:24

எனக்கு மூணு. கொழுக்கட்டை அன்னைக்கு அம்மையைக் கொண்டு விட்டுட்டு வெளியே செருப்புக்கு நிக்கேன்.